விடியற்காலையில் வாருங்கள்: வேளாங்கண்ணி, நாகூர் சுற்றுலா வண்டி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளாங்கண்ணி, நாகூர் பயணம் என்று நோட்டீஸ் அடித்து வேனும் பஸ்ஸும் ஏற்பாடு செய்யும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் படகிலும் ஏலத்திலும் ஐஸிலும் மீன் வெட்டும் பலகையிலும் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

உங்கள் பயணத் திட்டத்தில் எங்கள் ஊர் பெரும்பாலும் கடைசி வரியில் வருகிறது. காலையில் வேளாங்கண்ணி மாதா கோயில், மத்தியானச் சாப்பாடு, நாகூர் தர்காவுக்குப் போகிற வழியில் ‘துறைமுகம், அரை மணி நேரம்’. அந்த அரை மணி நேரம் உச்சி வெயிலில் விழுகிறது. அப்போது இங்கே என்ன இருக்கும்? கழுவிவிட்ட சிமெண்டுத் தரை, கவிழ்த்துப் போட்ட கூடைகள், வெயிலில் காயும் வலை, அதன் வாடை. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டி ஏறுகிறார்கள். குழந்தைகள் ஒரு மீனைக்கூட முழுசாகப் பார்க்காமல் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நேரம்தான் தப்பு.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதல் நாள் வேளாங்கண்ணி, அங்கேயே இரவு தங்கல். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு வண்டி கிளம்பினால் 5.30-க்கு நாகையில் இருக்கலாம். நடுவில் இருப்பது 10 கிலோமீட்டர் சொச்சம்தான். துறைமுகம், காலை டிபன், ஊருக்குள் கோயில், பிறகு வடக்கே நாகூர், அங்கிருந்து அப்படியே வீட்டுக்கு. இப்படிச் செய்தால் ஏன் நல்லது, எங்கே இடறும் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் நாட்காட்டி. உங்களுக்குக் கூட்டம் சேர்வது ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில். எங்களுக்குக் கடல் சாத்தியிருப்பதும் அதே மாதங்களில்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அத்தனை படகும் கடுவையாற்றில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும். மே மாதம் 50 பேரை இறக்கிவிட்டு ‘மீன் எங்கே?’ என்று கேட்டால் நாங்கள் என்ன காட்டுவது?

அந்த மாதங்களில் ஓட்டல் தட்டில் வரும் வஞ்சிரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேற்குக் கடற்கரைக்குத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, கேரளத்தில் மட்டும் ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். ஆகவே ஜூன் முதல் வாரம்வரை பெரிய மீன் கேரளப் பக்கத்திலிருந்து லாரியில் ஐஸ் போட்டு வரும், அல்லது குளிர்கிடங்கில் இருந்ததாக இருக்கும். ஜூன் 10 முதல் 14 வரை இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடாது. வருஷத்திலேயே மீன் விலை ஏறியும், பெரிய மீன் பழசாகியும் இருப்பது ஜூன் மாதத்தின் அந்த முதல் பாதியில்தான். ‘நாகை போய் வஞ்சிர வறுவல் சாப்பிடலாம்’ என்று அந்த நாட்களில் ஆசை காட்டிக் கூட்டி வராதீர்கள்.

அதற்காக மே மாதம் வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன பார்க்கலாம் என்பதை மாற்றிச் சொல்லி அழைத்து வாருங்கள். தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகுகள் போகும். அவை கொண்டுவருவது கரைப்பக்கத்து மீன்: சங்கரா, கானாங்கெழுத்தி, நெத்திலி, காரப்பொடி, நண்டு. இதோடு, மே முதல் ஜூலை வரை எங்கள் கரைக்கே உரிய கோலா மீன் வரும். தண்ணீரிலிருந்து எழும்பி, இறக்கை போன்ற இரண்டு நீளத் துடுப்பை விரித்துக் கடல்மேல் பறக்கும் மீன் இது. முட்டையிட மிதக்கும் இலை தழையைத் தேடும் என்பதால், தழைக்கட்டுகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு, கூட்டம் வந்து மொய்க்கும்போது வலையால் அள்ளுவது பழைய முறை. கோலாவின் துடுப்பைப் பிடித்து மெல்ல விரித்துக் காட்டினால், எந்தப் பிள்ளையும் செல்போனைக் கீழே வைத்துவிடும். முள் அதிகம், அதனால் அவித்து உதிர்த்துப் புட்டாகச் செய்வார்கள். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிற இடத்தில் மே மாதம் வஞ்சிரம் கேட்பதை விட்டுவிட்டு, கோலாப் புட்டு கேளுங்கள்.

தடைக்காலத்தில் படகு வேலையையும் நிதானமாகப் பார்க்கலாம். கரையேற்றிய படகின் அடியில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியைச் சுரண்டுவது, மரப்படகில் பலகை இடுக்கை அடைப்பது, இரும்புப் படகில் துரு தட்டி வர்ணம் பூசுவது, எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது, நிழலில் உட்கார்ந்து வலை பின்னுவது. மீன்காலத்தில் இதையெல்லாம் நின்று விளக்க எங்களுக்கு நேரம் கிடையாது. மே மாதம் கேட்டால் சொல்வோம்.

மீன் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் நல்ல நாட்கள் ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரை, அடுத்து ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை. ஜூன் 14 நள்ளிரவு தடை முடிந்ததும் படகுகள் கிளம்பும். போனவை நாலைந்து நாள் தங்கித் தொழில் செய்துதான் திரும்பும். எனவே 15-ஆம் தேதி வந்து நிற்காதீர்கள், 20-க்குப் பிறகு வாருங்கள். ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்த நாட்களில் சாலையில் நடந்து வருகிற யாத்திரிகர்களே லட்சக்கணக்கில் இருப்பார்கள், 20 நிமிஷ வழி 2 மணி நேரம் ஆகும். அப்போது துறைமுகத்தைத் திட்டத்தில் சேர்க்காதீர்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கிளம்புவதற்கு முதல் நாள் நாகைத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா என்று செய்தியில் பாருங்கள். 1-ஆம் எண் கூண்டு என்றால் தூரக் கடலில் புயல் உருவாகக்கூடும் என்று அர்த்தம், எண் ஏற ஏற ஆபத்து நமக்குக் கிட்டத்தில் வருகிறது. மீன்வளத்துறை கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டால் துறைமுகத்தில் தொழில் இருக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியது எங்களுக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். கூண்டை நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முன்னறிவிப்பு இல்லாமலே தொழில் நிற்கும் நாட்களும் உண்டு. ஊரில் சாவு விழுந்தால், அம்மன் கோயில் திருவிழா என்றால், பஞ்சாயத்தில் முடிவு செய்தால், யாரும் போக மாட்டோம். இலங்கைக் கடற்படை எங்கள் ஆட்களைப் பிடித்துப் போன சேதி வந்தால் வேலைநிறுத்தம் நடக்கலாம். அன்றைக்குக் கரையில் நிற்கிற பெண்களிடம் போய் ‘ஏன் இன்னிக்கு மீன் இல்லை?’ என்று உங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டே கேட்கும்படி விடாதீர்கள். புறப்படும் முன் மாலை இங்கே தெரிந்த ஒருவருக்குப் போன் செய்து ‘நாளைக்குத் தொழில் உண்டா?’ என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

இனி அந்தக் காலை நேரம். துறைமுகம் கடுவையாற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம். அக்கரைப்பேட்டை என்ற பேரைக் கேட்டாலே ஆறு தாண்டிப் போகவேண்டும் என்பது புரியும். பெரிய பஸ்ஸை உள்ளே கொண்டுவராதீர்கள். ஐஸ் வண்டியும் மீன் ஏற்றும் மினி லாரியும் பின்னோக்கி வந்து திரும்புகிற இடம் அது. ஒரு பஸ் குறுக்கே நின்றால் பின்னால் பத்து வண்டி நிற்கும், அதில் உள்ள மீன் வெயில் ஏறுவதற்குள் கைமாற வேண்டிய மீன். பஸ்ஸை ஊருக்குள் நிறுத்திவிட்டு ஆட்டோவிலோ நடந்தோ வாருங்கள். 50 பேரையும் ஒரே கூட்டமாக விடாமல், பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொறுப்பாளரைப் போடுங்கள். கழிப்பறைத் தேவையை வேளாங்கண்ணி விடுதியிலேயே முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். முக்கியமாகப் பெண்களுக்கு இது பெரிய சங்கடம், வந்தபிறகு தேடி அலைய வைக்காதீர்கள்.

விசைப்படகு வந்து அணைந்ததும் முதலில் நடப்பது கூடை கைமாறுவது. தளத்துக்குக் கீழே உள்ள ஐஸ் அறையில் ஒருவர் நின்று அள்ளிக் கொடுப்பார், மேலே ஒருவர் வாங்கி இறக்குதளத்தில் நிற்பவருக்கு வீசுவார். இனம் இனமாகப் பிரித்துக் கொட்டுவார்கள்: வாவல் தனி, கணவாய் தனி, இறால் பெரிசு சிறிசு தனி, கழிவு மீன் கோழித் தீவன மில்லுக்குத் தனி. பிறகு ஏலம். ஏலம் விடுகிறவர் ஒரு குவியலுக்கு முன் நின்று விலையைப் பாட்டுப் பாடுகிற வேகத்தில் ஏற்றிக்கொண்டே போவார். வாங்குகிறவர்கள் வாய் திறந்து பேச மாட்டார்கள். ஒருவர் விரலை அசைப்பார், ஒருவர் தலையை ஆட்டுவார், குவியல் முடிந்துவிடும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அதனால்தான் சொல்கிறோம்: ஏல வட்டத்துக்குள் நின்று கையை உயர்த்திப் போட்டோ எடுக்காதீர்கள். உங்கள் கை விலையாகிவிடும். இரண்டு அடி பின்னால் நின்று பாருங்கள்.

ஏலத்தில் நீங்கள் வாங்க முடியாது. அது கூடைக்கணக்கு, வியாபாரிகளுக்கானது. ஏலத்தில் எடுத்த மீனைப் பெண்கள் பிரித்து, தரையில் சாக்கு விரித்து, கூறு வைத்து உட்காருவார்கள். அங்கேதான் நீங்கள் வாங்க வேண்டும். சின்ன மீன் கூறு கணக்கு, பெரிய மீன் எடைக்கணக்கு. பேரம் பேசலாம், தப்பில்லை. ஆனால் வெட்டச் சொல்லி, வெட்டி முடித்தபிறகு ‘வேண்டாம்’ என்று போகக் கூடாது. வெட்டிய மீனை அந்த அம்மா வேறு யாரிடமும் விற்க முடியாது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘ஃபைபர் மீனா, போட்டு (விசைப்படகு) மீனா?’ ஃபைபர் படகு இரவு போய் காலையில் திரும்புவது, அதில் வருவது அன்றைய மீன். விசைப்படகு பல நாள் தங்கிவிட்டு வருவது. ஒரே படகில் நேற்றுப் பிடித்ததும் இருக்கும், ஒரு வாரத்துக்கு முன் பிடித்து ஐஸில் கிடப்பதும் இருக்கும். இரண்டும் சாப்பிடக்கூடிய மீன்தான், ஆனால் இன்னும் 8 மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோகப் போகிறவர் புதிதைத்தான் எடுக்க வேண்டும். செவுள் சிவப்பை மட்டும் நம்பாதீர்கள். கண் வெளியே துருத்தித் தெளிவாக இருக்கிறதா, முதுகில் விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்புகிறதா என்று பாருங்கள். சின்ன மீனின் தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்குங்கள். வால் தொங்காமல் விறைப்பாக நின்றால் அன்றைய மீன். இறாலுக்குத் தலை ஒட்டி இருக்க வேண்டும், தலையைச் சுற்றிக் கறுத்திருந்தால் பழசு. கணவாய் வெள்ளையாகவும் தோலில் புள்ளிகள் துலங்கியும் இருக்க வேண்டும், ரோஜா நிறமாக மாறியிருந்தால் வேண்டாம். நண்டு அளவில் ஏமாற்றும். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். தோல் கழற்றிய புது நண்டு பெரிசாக இருக்கும், உள்ளே தண்ணீர்தான்.

கழிவையும் உங்கள் ஆட்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எடையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை வரும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டால் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். சங்கராவில் தலை, குடல், செதிள் எல்லாம் சேர்ந்து பாதிக்குக் கிட்டத்தில் போய்விடும். ஒரு கிலோ இறாலை உரித்தால் மிஞ்சுவது அரைக் கிலோவும் கொஞ்சமும்தான்.

இப்போது ஐஸ். மீன் வாங்கிப் போகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்புச் செய்யும் இடம் இது. பிளாஸ்டிக் பையில் மீனைப் போட்டு, மேலே ஒரு கை ஐஸைத் தூவி, பஸ்ஸின் சாமான் அறையில் வைத்துவிடுகிறார்கள். அந்த ஐஸ் ஒரு மணி நேரத்தில் கரையும். பிறகு மீன் தன் இரத்தத் தண்ணீரிலேயே வெதுவெதுப்பாக ஊறும். வஞ்சிரம், சூரை, கானாங்கெழுத்தி போன்றவற்றில் அப்படி ஊறும்போது ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டவர்களுக்கு முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். ‘நாகை மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். மீன்மேல் குற்றமில்லை, வழியில் ஐஸ் இல்லாமல் போனதுதான் காரணம்.

கணக்கு எளிது: 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ். 5 கிலோ மீன், 5 கிலோ ஐஸ், 20 லிட்டர் கொள்ளும் மூடி போட்ட தெர்மகோல் பெட்டி. குடலையும் செவுளையும் முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள், அழுகல் தொடங்குவது அங்கிருந்துதான். ஐஸ் பொடியாக உடைத்ததாக இருக்கட்டும். பெரிய கட்டியாக வைத்தால் மீனோடு ஒட்டாது, கூர்முனை சதையைக் கிழிக்கும். பெட்டியின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ், அதன்மேல் மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் ஐஸ். முழுமீனின் வயிற்றுக்குள்ளும் ஐஸை அடையுங்கள். துண்டு போட்ட மீன் என்றால் அதைத் தனிக் கவரில் கட்டி ஐஸ் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் கரைந்த தண்ணீர் ருசியையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். பெட்டியின் அடி மூலையில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, பெட்டியை ஒரு தட்டிலோ தாம்பாளத்திலோ வையுங்கள். தண்ணீர் வடிய வேண்டும், அடுத்தவர் துணிப்பையில் வடியக் கூடாது. பஸ்ஸில் எஞ்சினுக்குப் பக்கத்துச் சாமான் அறை சூடேறும், அங்கே வைக்க வேண்டாம். நாகூரில் நிற்கும்போது ஒரு முறை மூடியைத் திறந்து, ஐஸ் பாதிக்குக் கீழே போயிருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள். துறைமுகத்தைக் கடைசி நாள் காலையில் வையுங்கள் என்று நாங்கள் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். முதல் நாள் வாங்கிய மீனை இரண்டு நாள் சுமந்து திரிந்தால் எந்த ஐஸும் காப்பாற்றாது.

கருவாடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று மட்டும். உரசிப் பாருங்கள், மணல் உதிர்ந்தால் தரையில் காயவைத்தது. இளஞ்சிவப்புத் திட்டு இருந்தால் கெடத் தொடங்கிவிட்டது. பொரித்த மீன் கடையில், சிவக்க மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பதைக் காட்டி எடுக்காமல், தடவாத மீனைக் காட்டச் சொல்லி அதில் தேர்ந்தெடுங்கள். மசாலாவுக்குக் கீழே எதுவும் ஒளியும்.

அடுத்து, அடிபடும் இடங்கள். தரை எப்போதும் ஈரம், செதிளும் கொழுப்பும் கலந்த ஈரம். வழுவழுப்பான செருப்பு போட்டவர்கள் விழுகிறார்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு போட்டுவரச் சொல்லுங்கள். வெறுங்காலோடு மட்டும் வேண்டாம். ஒதுக்கிப்போட்ட கெழுத்தியின் முள்ளும் திருக்கை வாலின் முள்ளும் செத்த பிறகும் விஷம்தான். குத்திவிட்டால் ஐஸ் வைக்காதீர்கள். குத்திய காலைத் தாங்கக்கூடிய சூட்டில், கொப்புளம் வராத அளவுக்கு, வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், பக்கத்து டீக்கடையில் கேட்டால் வெந்நீர் தருவார்கள். வலி இறங்கும். பிறகு முள் உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கவும் ஊசி போடவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

விரித்துக் கிடக்கும் வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அது எங்களுக்கு மரியாதை, உங்களுக்குப் பாதுகாப்பு. கண்ணியில் கால் மாட்டினால் முகம் அடிபடத்தான் விழுவீர்கள். படகைக் கட்டியிருக்கும் வடத்தின்மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். படகு ஒரு அலைக்கு அசைந்தால் அந்த வடம் சட்டென்று விறைத்து எழும்பும். அலைதடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கல்மேல் ஏறவே கூடாது. பாசி படிந்த கல், இடுக்கில் கால் போனால் எடுக்க முடியாது.

மிக முக்கியமானது: மீன்பிடிப் படகில் உல்லாசப் பயணம் கேட்காதீர்கள். காசு கொடுத்தால் யாராவது ஏற்றிக்கொள்ளக்கூடும். ஆனால் அது ஆள் ஏற்றும் படகு இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, ஆளுக்கொரு மிதவைச் சட்டை கிடையாது. முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆறு வடியும்போது எதிரே காற்றோடு கடல் அலை வந்தால் அந்த மேட்டின்மேல் அலை உடையும், அனுபவப்பட்ட எங்கள் படகுகளே கவிழும் இடம் அது. சேலை கட்டிய பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அதில் போவதற்கு நீங்கள் துணை நிற்காதீர்கள். நாகைக் கடற்கரையிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள். கரையோர நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போகும், இழுக்கிறது என்பது தெரியும்போது தரை எட்டாது.

துறைமுகத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். 7 மணிக்கு வெளியே வந்து டிபன் முடித்துவிட்டு, நடை சாத்துமுன் காயாரோகணேசுவரர் நீலாயதாட்சி அம்மன் கோயிலுக்கு வாருங்கள். சும்மா ‘பழைய கோயில்’ என்று சொல்லி இறக்கிவிடாமல், அதிபத்தர் கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள். 63 நாயன்மார்களில் ஒருவர் நாகை நுளைப்பாடியைச் சேர்ந்த மீனவர். பிடிக்கிற மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். ஒற்றை மீன் மட்டும் கிடைத்த பஞ்ச நாட்களிலும் அதையும் விட்டார், கடைசியில் பொன் மீன் வந்தபோது அதையும் விட்டார். ஆவணியில் அதற்கான விழா நடக்கிறது, பொன் மீனைப் படகில் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள். காலையில் கூடை கூடையாக மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, ஒற்றை மீனை விட்டவரின் அருமை சொல்லாமலே விளங்கும்.

பழைய துறைமுகத்தின் சின்னங்கள் ஊரில் அதிகம் மிஞ்சவில்லை. இருப்பதாகச் சொல்லி ஏமாற்ற வேண்டாம், பஸ்ஸில் போகும்போது சொல்லுங்கள். ராஜராஜ சோழன் காலத்தில் கடாரத்து ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூளாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாய் விடப்பட்டது. அந்தச் செய்தி லைடன் செப்பேடுகளில் இருக்கிறது. கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. இங்கே தோண்டக் கிடைத்த புத்தர் செப்புப் படிமங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சென்னையிலிருந்து வருகிற கூட்டம் என்றால், கிளம்புவதற்கு முந்தின வாரம் அங்கே போய் வரச் சொல்லுங்கள். 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் ஊர் இருந்தது. 1861-இலேயே இங்கிருந்து திருச்சி நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினவர்களில் எத்தனையோ பேர் ஏறியது இங்கேதான். உங்கள் பயணிகள் பலரின் வீட்டில் மலேயா போன ஒரு தாத்தா இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

நாகூரில் பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. கடலோடிகளுக்குக் காவல் என்று அந்தத் தர்காவில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டவரை எல்லா மதத்து மீனவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இன்னொன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி அன்றைய நாகை மாவட்டத்தில் 6,065 பேரைக் கொண்டுபோனது. அதிகம் பறிகொடுத்த ஊர்களில் நீங்கள் வந்து நிற்கிற அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் உண்டு. ஆற்றில் நின்ற விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நினைவிடத்துக்குக் கூட்டி வாருங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் மைக்கில் ‘சுனாமி ஸ்பாட்’ என்று கூவாதீர்கள். கூறு வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் மீன் வாங்கிக்கொண்டே ‘உங்க வீட்டில் யாராவது போனாங்களா?’ என்று கேட்கிறார்கள். அவர் பதில் சொல்லமாட்டார், தராசைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைக் கேட்காமல் இருக்க உங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கூட்டி வாருங்கள். டிசம்பர் 26 அன்று நாங்கள் தொழிலுக்குப் போவதில்லை. கடலில் பால் ஊற்றுவோம். அன்றைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றி நின்றால் போதும்.

அடுத்த நோட்டீஸ் அச்சுக்குக் கொடுக்கும்போது ‘துறைமுகம், அரை மணி நேரம்’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘இரண்டாம் நாள் காலை 5.30 முதல் 7 வரை நாகை மீன்பிடித் துறைமுகம். வார் வைத்த செருப்பும் தெர்மகோல் பெட்டியும் கொண்டுவரவும்’ என்று போடுங்கள். முந்தின மாலை போன் செய்து எத்தனை பேர் என்று சொன்னால், ஐஸ் உடைத்து வைக்கச் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
நாகை மீன்பிடித் துறைமுகத்தில் தொழில் பார்ப்பவர்கள்